மாப்பிள்ளை வந்து போன பிறகு

ஒஸ்வால்ட் கமராவை முக்காலியில் பூட்டி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கோட்டு அட்டையைப் பார்த்து நான்கு தரம் அமுக்கினார். பிறகு படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கி, நான்கு மூலைக்கும் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் போய்வந்தார். ஷபீகா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இப்படிச் செய்வது இது மூன்றாவது தடவை. மூன்றாவது தடவையும் கோடுகள் கோடுகளாகவே இருந்தன, சதுரங்கள் சதுரங்களாகவே இருந்தன. வீட்டில் அட்டகாசம் பண்ணிவிட்டு விருந்தாளி வந்ததும் கைகட்டி உட்காரும் பிள்ளையைப் போல, இந்தக் கமராவும் ஒஸ்வால்ட்டின் மேசைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

"கமராவில ஒரு பிழையும் தெரியேல்ல மிஸ்," என்றார்.

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாத மிச்சத்தை ஷபீகாவே தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதினொரு வருடமாகப் படம் எடுக்கிறவளுக்கு அந்தப் பழமொழியை யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இந்தப் புதுக் கமராவால் எடுத்து ஒரு பக்கம் கலங்கிப்போயிருந்த ஷஸ்னாவின் கல்யாணப் படங்களை வீட்டில் முதன்முதலாகத் திறந்து பார்த்த அன்றைக்கு அவளும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். கை நடுங்கியிருக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடும் காலம் வந்திருக்கும், ஏதோ ஒரு பொத்தானைத் தவறாகத் திருப்பியிருப்பேன் என்று பத்து நாள் தன்னையே குறுக்கு விசாரணை செய்தாள். உலகத்திலேயே விலை கூடிய கமராக்களில் ஒன்று பிழையாக வந்திருக்கும் என்று நினைப்பதைவிட, கொட்டாஞ்சேனை ஷபீகா பிழையாக எடுத்திருப்பாள் என்று நினைப்பது அவளுக்கே சுலபமாக இருந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சாரிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் கமரா திருத்தும் இடம். கமராவை விற்ற கம்பனிக்காரர்களுடையதுதான். கீழே கடைப் பையன்கள் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஷபீகா தன்னுடைய இரண்டு பழைய கமராக்களையும் இவர்களிடமே கொடுத்துவிட்டுத்தான் இந்த ஒன்றை வாங்கினாள். முப்பது நாளுக்குள் பிழை நிரூபணமானால் புதிதாக வேறொன்று தருவார்கள். முப்பது தாண்டினால் திருத்தம்தான், அதற்குப் பெட்டியில் போட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டும், திரும்பிவர இரண்டு மாதமோ மூன்று மாதமோ யாருக்குத் தெரியும். இன்று வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டாவது நாள். நாளை சனி, அரைநாள். முப்பதாவது நாள் ஞாயிறு, பூட்டியிருப்பார்கள். அடுத்த வியாழன் ஒரு கல்யாணம், அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று, பெருநாள் கழிந்தால் கொழும்பில் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. கமரா இல்லாத படக்காரியாக அவள் என்ன செய்வாள்?

"பிழை இருக்கிற படத்தைக் காட்டினா நான் ஒரு நிமிசமும் யோசிக்க மாட்டன்," என்றார் ஒஸ்வால்ட். ஐம்பது தாண்டிய மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "உங்களைப் பொய் எண்டு சொல்லேல்ல. முதல் தொகுதியில வந்த கமராக்கள் சிலதில உள்ளுக்கு ஒரு தட்டு சரியா இருக்கேல்ல எண்டு வெளிநாட்டில கதைக்கிறாங்கள். படம் விழுகிற தட்டு. அது ஒரு பக்கம் லேசாச் சாஞ்சாலே அந்தப் பக்கம் கலங்கிப் போயிரும். ஆனா கம்பனி அப்பிடி ஒண்டும் இல்ல எண்டுதான் எழுதுது. நான் அட்டையை எடுத்து அனுப்பினா, இது மேசையில எடுத்தது, வேலையில எடுத்த படத்தை அனுப்பு, ஆக்கள் இருக்கிற படத்தை அனுப்பு எண்டுவாங்கள். ஒரிஜினலா இருக்கோணும். வெட்டக்கூடாது, முகத்தை மறைக்கக்கூடாது. கை வைச்சா அந்தப் படம் செல்லாது."

"ஆக்கள் ஈக்கிற படம் ஏலா அண்ணன்," என்றாள் ஷபீகா. இதையும் மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள்.

"விளங்குது மிஸ். பொம்பிளை ஆக்கள் பாக்கலாம் எண்டா, எங்கட கவுண்டரில இருக்கிற சாமினி பாப்பாள், நான் வெளியில போயிருவன். ஆனா சிங்கப்பூரில ஆர் அதைத் திறப்பினம் எண்டு எனக்குச் சொல்லேலாது. ஆணோ பெண்ணோ ஆருக்குத் தெரியும். அவங்களுக்கு அது மனிசரும் இல்ல மிஸ், அவங்கள் பாக்கிறது கலங்கல் எங்க இருக்கு எண்டுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று ஷபீகாவுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கொஞ்சம் கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருக்கலாம்.

ஷபீகா எடுப்பது பெண்கள் பக்கத்துப் படங்கள் மட்டும். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் மண்டபத்துக்குள் ஆண் படக்காரனுக்கு வேலை இல்லை. வாசலில் நிற்கும் பிள்ளை உள்ளே வரும் ஒவ்வொருவரின் போன் கமராவிலும் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பது வேறு உலகம். வீதியில் கறுப்பு அபாயாவோடு போகிறவர்கள் அங்கே பட்டும் சரிகையும் மல்லிகையுமாக, தலைமுடியை விரித்துப்போட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் திறந்திருக்கும் ஒரே கமரா ஷபீகாவுடையது. படங்களைத் திருத்துவதும் அவளே, அச்சுக்குப் போவதும் பெண் ஒருத்தி நடத்தும் இடத்துக்கு, எல்பமும் படங்களும் கல்யாண வீட்டுக்காரர் கைக்குப் போனதும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுவாள். புருஷன் மஹ்ரூப்கூட அவள் கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தால் ஒரு தரம் இருமிவிட்டுத்தான் அந்த அறையைக் கடப்பான். அமானிதம் என்பார்கள். பிறர் நம்பிக் கொடுத்த பொருள். கல்யாண வீட்டார் அவளை ஏன் கூப்பிடுகிறார்கள் என்றால் அவள் நன்றாகப் படம் எடுப்பாள் என்பதற்காக மட்டுமல்ல என்று அவளுக்கே தெரியும். அவளைவிட நன்றாக எடுக்கிற பிள்ளைகள் இப்போது எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனை வீட்டில், மஹ்ரூப் புறக்கோட்டையிலிருந்து திரும்புவதற்கு முன், அவள் கதவைச் சாத்திவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். ஒஸ்வால்ட் கொடுத்த படிவத்தைத் திறந்தாள். பெயர், கமராவின் இலக்கம், வாங்கிய திகதி எல்லாம் நிரப்பினாள். கடைசியில் ஐந்து படங்கள் கேட்டிருந்தார்கள். கை தானாகவே போய் ஐந்தைத் தேர்ந்தது. ஷஸ்னா தனியாக நிற்பது இரண்டு, தாயோடு இரண்டு, பெண்கள் கூட்டமாக நிற்பது ஒன்று. ஐந்திலும் இடது பக்கம் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி இழுபட்டிருந்தது. படங்கள் ஏறத் தொடங்கின. ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. அவள் சும்மா உட்காராமல், கடைசியாக ஏறக் காத்திருந்த கூட்டப் படத்தைத் திறந்து பார்த்தாள். வலது ஓரத்தில், தெளிவாக இருக்கும் பக்கத்தில், ஷஸ்னாவின் சாச்சி, சின்னம்மா ஒருவர், நின்றார். மண்டபத்தின் ஏசி அன்று சரியாக வேலை செய்யவில்லை. அந்த மனுஷி தலையை மூடும் ஷோலைக் கழற்றித் தோளில் போட்டு, கொண்டையை அவிழ்த்து, கழுத்தை நிமிர்த்தி, கல்யாணக் கார்டால் விசிறிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தும் அவர் அவசரப்பட்டுத் தலையை மூடவில்லை. ஏன் மூடவேண்டும், எடுப்பது ஷபீகாதானே.

ஷபீகா இணையப் பெட்டியின் வயரை இழுத்துப் பிடுங்கினாள். நான்காவது படம் பாதியில் நின்றது. படிவம் போகவில்லை என்று திரை சொல்லியது. அதை நான்கு தரம் வாசித்தாள். இன்னொரு தரம் இணைத்து, பழைய படிவம் எங்கும் தங்கியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள். வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது, ஆனாலும் கன்னம் இரண்டும் சுட்டது.

அதற்குப் பிறகு அவள் அன்று வேறொன்றும் செய்யவில்லை. கமராவை முக்காலியில் வைத்து, குசினிச் சுவரின் ஓடுகளைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டாள். சூடேறினால் பிழை வருமோ என்று பார்க்க. இதுவும் புதிதில்லை, ஏற்கெனவே நான்கு நாள் செய்து பார்த்ததுதான். கமரா நெருப்பாய்ச் சுட்டது, ஓடுகள் எல்லாம் அச்சடித்த மாதிரித் தெளிவாக இருந்தன.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த ஷஸ்னாவின் வீட்டு மணியை அமுக்கினாள். இரண்டு நோக்கம் இருந்தது. கல்யாணப் படங்களில் மூன்றிலொரு பங்கு கெட்டுப்போனதைச் சொல்லவேண்டும். அதற்கு மேல், ஐந்து படங்களை அனுப்ப அனுமதி கேட்கவேண்டும். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைக் கேட்க முடியாது, முதலாவதைச் சொன்ன பிறகு இரண்டாவதைக் கேட்க வாய் வராது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். தோள்பையில் கமராவும் மடிக்கணினியுமாக அவள் மூன்று தரம் அந்த வாசலைக் கடந்து போய்த் திரும்பி வந்திருந்தாள்.

"வாங்க தாத்தா, எல்பம் முடிஞ்சா?" என்றபடி ஷஸ்னா கதவைத் திறந்தாள். அக்காவை அவர்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். புதுப்பெண்ணின் மருதாணி விரல் நுனிகளில் மட்டும் மிச்சமிருந்தது. மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். அடுத்த மாதம் இரண்டு பேரும் கட்டாருக்குப் போகிறார்கள், எல்பத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று கல்யாணத்தன்றே சொல்லியிருந்தாள். தாய் ஹமீமா உள்ளேயிருந்து ஒரு தட்டில் பட்டிஸும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஷபீகா பட்டிஸைத் தொடவில்லை. "எல்பம் முடியல்ல," என்றாள். "கொஞ்சப் படம் பழுதாப் பெய்த்து. என்ட கமராவுல பிழை ஈக்கி. மொத நாளே ஒங்களுக்குச் செல்ல ஈந்திச்சி. எனக்குச் செல்லத் தைரியம் வரல்ல."

ஷஸ்னாவின் முகம் மெதுவாக விழுந்தது. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஹமீமா மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தாயும் மகளும் ஸெட்டிபேக் என்கிற மேடை அலங்காரத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்து நிற்கும் படம் வந்தபோது ஷஸ்னா அதைப் பெரிதாக்கினாள். ஷஸ்னா கண்ணிமை வரை தெளிவாக இருந்தாள். இடது பக்கம் நின்ற தாய்க்கு முகமே இல்லை. ரோஸ் நிறச் சாரியும் அதற்கு மேலே ஒரு வெளிறிய கலங்கலும்தான். அதைப் போல ஒன்பது படம்.

"நான் அழுத மூஞ்சி தெரியாமப் போனது நல்லம்," என்றார் ஹமீமா கடைசியில். "மூக்கெல்லாம் வீங்கி ஈந்திச்சி." ஷஸ்னா சிரிக்கவில்லை. தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஷபீகாவுக்கு அந்த இடத்தைவிட்டு எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. பதினொரு வருடத்தில் ஒரு வீட்டுக்காரரின் முன்னால் அவள் இப்படி உட்கார்ந்ததில்லை.

ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள். கமராவை மாற்றித்தர அவர்கள் என்ன கேட்கிறார்கள், நேற்று தான் என்ன செய்யப் பார்த்தாள், எந்த இடத்தில் வயரைப் பிடுங்கினாள் என்பதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நேற்றைய சூடு கன்னத்திலேயே தங்கிவிடும். ஷஸ்னா தான் தனியாக நிற்கும் படங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள்.

"என்ட படம் எண்டா எனக்குப் பரவால்ல தாத்தா. ஒங்கட தொழிலும் பாக்கோணுமே. ஆனா தனியப் படத்துலயும் நான் மட்டுமா ஈக்கி? பொறத்தால கண்ணாடியில மாமி நிக்கிறாங்க, சாச்சிட மகள் நிக்கிறாள். எல்லார்ட்டயும் நான் எப்பிடிக் கேக்கிற?"

ஷபீகா தலையாட்டினாள். இதைவிட நியாயமான பதில் இருக்க முடியாது. மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. ஒரு மணிக்கு அங்கே மூடிவிடுவார்கள். சரி, இருக்கட்டும், யாரிடமாவது கமரா இரவல் வாங்கிக்கொண்டு இந்த மாதத்தை ஓட்டவேண்டியதுதான், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பிளேன்டீயை எடுத்து வாயில் வைத்தாள். ஆறியிருந்தது.

ஷஸ்னா மட்டும் படங்களைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. முன்னுக்குப் போனாள், பின்னுக்கு வந்தாள், திரும்பவும் முன்னுக்குப் போனாள். தன் கல்யாணத்தைத் தானே பார்க்கிற பெண்ணுக்கு உள்ள கூர்மை வேறு யாருக்கு வரும்.

"தாத்தா, இங்க பாருங்க," என்றாள். "மாலை போட்ட படம் எல்லாம் கலங்கி ஈக்கி. மாலை இல்லாத படம் எல்லாம் நல்லா ஈக்கி."

ஷபீகா கிட்டே வந்தாள். நல்ல படங்களில் ஷஸ்னாவின் கழுத்தில் தாய் வீட்டு நகைகள் மட்டும்தான். கெட்ட படங்களில் அவற்றுக்கு மேலே, மாப்பிள்ளை வந்து போட்ட தங்க மாலை. எந்த இலக்கத்துப் படத்திலிருந்து கலங்கல் தொடங்குகிறது என்று ஷபீகாவுக்கு மனப்பாடம். அந்த இலக்கத்தைத்தான் அவள் பத்து நாளாகப் பார்த்தாளே தவிர, அதில் நிற்கிற பெண்ணின் கழுத்தைப் பார்க்கவில்லை.

"கல்யாணம் முடிச்சாப் பொறகு எல்லாம் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும்," என்றார் ஹமீமா. இந்தத் தடவை ஷஸ்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஷபீகா சிரிக்கவில்லை. அவள் அந்த மண்டபத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். மாப்பிள்ளை வருகிறார் என்று வாசலில் குரல் கேட்டது. கேட்டதும் மண்டபமே ஒரு தரம் குலுங்கி, நூற்றைம்பது பெண்களும் ஷோலையும் முந்தானையையும் தேடி இழுத்துத் தலையை மூடினார்கள். மாப்பிள்ளையோடு அவர் பக்கத்துப் படக்காரனும் வந்தான். மாலை போடுகிற அந்த நேரம் மேடை அவனுடையது. ஷபீகா எப்போதும் போல ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஆண்கள் உள்ளே இருக்கும்போது அவள் கமராவைக் கையில் தூக்கி வைத்திருக்க மாட்டாள். லென்ஸ் கண்ணாடியைக் கீழ் நோக்கிக் கவிழ்த்து, மடியில் வைத்து, ஷோலால் மூடிவிடுவாள். என்னுடைய கமரா மூடியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியவேண்டும். அன்றைக்கு அந்தப் படக்காரன் மாலையை மூன்று தரம் போடவைத்தான். அரை மணித்தியாலம் இருக்கும். இரண்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடிச் சூடேறிய கமரா, தலைகீழாக, துணிக்குள், அரை மணித்தியாலம்.

குசினிச் சுவருக்கு முன்னால் அது ஒருநாளும் கவிழ்ந்து கிடக்கவில்லை. ஒஸ்வால்ட்டின் முக்காலியிலும் இல்லை. சூட்டில் இளகுகிற ஏதோ ஒன்று, கவிழ்த்து வைத்தால் மட்டும் சரிந்து, பிறகு ஆறியதும் தன் இடத்துக்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. அப்படித்தான் இருக்கவேண்டும். இருக்குமா என்று பார்க்க நேரமில்லை, மணி பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.

"ஷஸ்னா, கமராவ ஓடவிட்டுச் சூடாக்கோணும். வெயில் விழுற ஜன்னல் எங்க ஈக்கி?" என்று கேட்டாள்.

ஹமீமாவின் படுக்கையறை ஜன்னலில், வெயிலில், திரைச்சீலையைப் பார்த்தபடி கமரா இருபது நிமிடம் ஓடியது. மூன்று பெண்களும் உலை கொதிக்கக் காத்திருக்கிறவர்களைப் போல அதைச் சுற்றி நின்றார்கள். பிறகு ஷபீகா அதைக் கழுத்தில் மாட்டி, கண்ணாடியைக் கீழே கவிழ்த்து, அபாயாவுக்கு மேல் ஷோலை இழுத்து மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஓட்டோவில் ஏறவில்லை, ஓட்டோ ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அரை மணித்தியாலம் நடக்கவேண்டும். ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறி, வேண்டுமென்றே பாலம் வரை போய்த் திரும்பி, சனிக்கிழமைச் சனத்துக்குள், வயிற்றில் சுடுகிற ஒரு பாரத்தோடு நடந்தாள். சாரிக் கடைப் பையன் ஒருவன், "வாங்க மெடம், மெதுவா, மெதுவா, படி இருக்கு," என்று பயபக்தியோடு வழிவிட்டான். எதற்கு அவ்வளவு மரியாதை என்று இரண்டு கடை தாண்டி, ஷோலுக்குள் புடைத்திருந்த தன் வயிற்றைக் குனிந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தாள்.

ஒஸ்வால்ட் அலுமாரிகளைப் பூட்டத் தொடங்கியிருந்தார். சாமினி ஏற்கெனவே போய்விட்டாள். அங்கே அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"மிஸ், ஒரு மணிக்கு மூடிருவம்."

"தெரியும் அண்ணன். அந்தச் சுவரோட நில்லுங்க."

"நானோ?"

"ஆக்கள் ஈக்கிற படம் வேணுமெண்டு நீங்கதானே சென்னீங்க."

அவர் சுவரோடு போய் நின்றார். இருபது வருடமாகக் கமராக்களின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவருக்கு, கமராவின் முன்னால் நின்றதும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஷபீகா ஷோலை விலக்கி, கமராவை நிமிர்த்தி, மூன்று தரம் அமுக்கினாள். படத்தைக் கணினியில் போட்டார்கள்.

திரையில் ஒஸ்வால்ட் வந்தார். வலது பக்கம் எல்லாம் இருந்தது. மூன்று நாள் தாடியின் ஒவ்வொரு வெள்ளை மயிரும், மூக்குக்குப் பக்கத்து மச்சமும், சட்டைக் காலரில் பிரிந்த நூலும், மேல் பொத்தான் இல்லாத இடத்தில் தெரிந்த பனியனும். இடது பக்கத்தில் ஒரு கண்ணும் காதும் தோளும் கரைந்து சுவரோடு போயிருந்தன.

"சாஞ்சிருக்கு," என்றார் ஒஸ்வால்ட். "தட்டுத்தான். ஓம், இது பிழைதான் மிஸ்."

ஷபீகா பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டாள். என் கை இல்லை, என் கண் இல்லை, என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைக்கிற கதையை முழுவதுமாகச் சொன்னாள். ஒஸ்வால்ட் கேட்டுக்கொண்டே படிவத்தைத் திறந்து நிரப்பினார். கமராவின் இலக்கத்தை எழுதினார், தன் பெயரைச் சாட்சியாகப் போட்டார், படத்தை இணைத்தார். அனுப்புகிற இடத்துக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது.

திரையிலிருந்த தன்னையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலரைத் தடவினார். பிறகு பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் சேர்த்துப் பிடித்தார்.

"நான் இண்டைக்குச் சவரமும் எடுக்கேல்ல மிஸ்," என்றார். கொஞ்சம் கழித்து, "அங்க ஆராரோ திறந்து பாப்பினம்."

ஷபீகா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்றுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அனுப்புங்கள் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது, வாய் மட்டும் வரவில்லை.

"ஒரு நிமிசம் பொறுங்கோ," என்று அவர் உள்ளே போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஈரத் தலை வகிடெடுத்து வாரியிருந்தது, சட்டையின் மேல்பக்கம் ஒரு ஊசியால் சேர்த்துக் குத்தியிருந்தது. "இன்னொருக்கா எடுப்பம் மிஸ். கலங்கல் இன்னும் இருக்குமோ?"

"தெரியா அண்ணன். இதுக்குள்ள ஆறி ஈக்கும். கொஞ்சம் கவுத்து வச்சிப் பாக்கோணும்."

கமராவை ஓடவிட்டு, கண்ணாடியைக் கீழே கவிழ்த்து, மடியில் வைத்து, ஷோலால் மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஒஸ்வால்ட் சுவரோடு போய், அடையாள அட்டைக்கு நிற்பவரைப் போல நாடியை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் ஒரு துளித் தண்ணீர் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.